காது கேட்கிற இடம்

டிசம்பர் 11, வியாழன். கொல்கத்தா

ரிஃபாய் செருப்போடு வந்திருக்கிறான். ஷூ எடுத்துக்கொண்டு வா என்று கிளம்புவதற்கு முன்பே சொல்லியிருந்தேன். இரவில் போகிற மாதிரி நல்ல இடம் எதிலும் செருப்பை உள்ளே விடமாட்டார்கள். "காயல்பட்டினத்துல கல்யாணத்துக்கே செருப்புதான் மாப்ள" என்கிறான். நாளை முதல் வேலை இவனுக்கு ஷூ வாங்குவது.

எதற்காக வந்தோம் என்பதை எழுதிவிடுகிறேன். ஜெசிந்தாவுக்கு இங்கே பாலம் வடிவமைக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமைக்குள் சரி என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். கல்லூரியில் நாங்கள் மூவரும் வேறு வேறு பிரிவு, ஆனால் ஒரே கேண்டீன் மேசை. இப்போது மூவரும் சென்னையில். வேலையைப் பற்றி அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஊரைப் பற்றித்தான்.

"வேலை முடிஞ்சு ஹாஸ்டலுக்குப் போயி சுவத்தப் பாக்கறது நாலு வருஷமா பாத்தாச்சு" என்றாள். "இருட்டினப்புறம் நான் தனியா போய் உக்கார ஒரு எடம் வேணும். அழகா இருக்கணும். பாட்டு இருக்கணும், ஆனா பேசினா காது கேக்கணும். ஒருத்தனும் திரும்பிப் பாக்கக் கூடாது. அப்பிடி ஒரு எடம் இருந்தா இந்த ஊருக்கு வர்றேன். இல்லன்னா சென்னைலயே கெடக்கேன்."

தேடுவதற்கு என்னைக் கூப்பிட்டாள். நியாயம்தான். நான் ஒலியியல் பொறியாளன். தொழிற்சாலைகளுக்குப் போய்ச் சத்தத்தை அளந்து, எங்கே எதை மாற்றினால் குறையும் என்று சொல்வது என் வேலை. காது கேட்கிற இடமா இல்லையா என்று சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. ரிஃபாயை எதற்குக் கூப்பிட்டாள் என்றுதான் தெரியவில்லை. அவன் குடிக்கமாட்டான். எங்கே போனாலும் எலுமிச்சை சோடா.

இதில் எனக்கென்று எந்த விருப்பமும் இல்லை. அவள் இங்கே வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. அளந்து சொல்வேன், அவ்வளவுதான்.

இன்று சால்ட் லேக் பக்கம் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி பார். இணையத்தில் எல்லோரும் ஆகா ஓகோ என்று எழுதியிருந்தார்கள். வாசலில் ரிஃபாயின் காலைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். திரும்ப ஹோட்டலுக்குப் போய் என்னுடைய ஓட்டப் பயிற்சி ஷூவை மாட்டிக்கொண்டு வந்தான். அவனுக்கு அது ரொம்பப் பெரிது. வாத்து நடந்து வருவது போல் இருந்தது.

உள்ளே நீல விளக்கு. ரிஃபாயின் பல் மட்டும் தனியாக மிதந்தது. பாட்டு என்று சொல்ல மாட்டேன், அதிர்வு. என் கிளாஸில் இருந்த தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. போனை எடுத்து அளந்தேன். எங்கள் பெருந்துறைப் பக்கம் விசைத்தறிக் கூடத்துக்குள் நிற்பதும் இதுவும் ஒன்று. ஜெசி ஏதோ சொன்னாள். "என்ன?" என்றேன். மறுபடி சொன்னாள். கடைசியில் ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு மூன்று பேரும் போனில் தட்டித் தட்டிப் பேசினோம். அவள் அனுப்பியது: "பசிக்குதுன்னு சொன்னேன்டா."

முடிவு: தகுதியற்றது. நான் சொன்னதும் ரிஃபாய், "சொல்லும்போது இவ்ளோ சந்தோஷப்படாத" என்றான். சந்தோஷப்படவில்லை. சரியான அளவு கிடைத்தால் எந்தப் பொறியாளனுக்கும் வருகிற திருப்தி அது.

வெளியே வந்ததும் ஜெசிக்கு ஓர் அழைப்பு. ஆங்கிலத்தில் பேசினாள். வைக்கும்போது, "ஓகே, தேங்க்யூ அனிந்தியாடா" என்றாள்.

யார் என்று கேட்டேன்.

"சேரப்போற டீம்ல சீனியர். நாளைக்கு ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு."

டா.


டிசம்பர் 12, வெள்ளி. காலை

ஷூ வாங்கியாயிற்று. கறுப்பு. ரிஃபாய் பேரமே பேசவில்லை. சொன்ன விலையை எண்ணி வைத்துவிட்டு வந்தான். பத்து ரூபாய் கீரைக்கட்டுக்கே பேரம் பேசுகிறவன்.

என் சட்டைகளைச் சலவைக்குப் போட்டேன்.

ஒரு விஷயம். எனக்கு அந்த டா கிடைக்க இரண்டாம் வருஷம் வரை ஆயிற்று. அதுவரை "நல்லசிவம்" என்று முழுப்பெயர், ஆஜர் எடுக்கிற மாதிரி. அப்புறம் "நல்லா" என்று சுருங்கியது. கல்லூரி விழாவுக்கு மேடை கட்டும்போது என் கால்மேல் சுத்தியலைப் போட்டுவிட்டு "ஸாரிடா" என்றாள். அதுதான் முதல் டா. நான் ஒன்றும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. தானாக இருக்கிறது.

இந்த அனிந்தியாவை அவள் போன மாதம் நேர்காணலில்தான் முதல்முறையாகப் பார்த்திருக்கிறாள்.


டிசம்பர் 12, இரவு

பார்க் ஸ்ட்ரீட் முழுக்க கிறிஸ்துமஸ் விளக்குகள். அனிந்தியா எங்களைக் கூட்டிப்போனது அங்கே ஒரு பழைய பார். மரப்பலகை அடித்த சுவர், வெள்ளைக் கோட்டுப் போட்ட பரிமாறுபவர்கள், மூலையில் சின்ன மேடை, அதில் சேலை கட்டிய ஓர் அம்மா பழைய இந்திப் பாட்டு பாடிக்கொண்டிருந்தார். நம் ஊரில் பார் என்றால் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை, ஈரத் தரை, ஒரு தட்டு சுண்டல். இங்கே துணி விரித்த மேசைமேல் கைதுடைக்கும் துண்டை மடித்து வைத்திருந்தார்கள்.

அனிந்தியா ஒல்லி, கண்ணாடி, கழுத்தைச் சுற்றி மஃப்ளர், நாற்பது வயதுக்குக் குறையாது. ரிஃபாய் என் காதில், "இவர நெனச்சா காலைலேருந்து பல்லக் கடிச்சிட்டிருக்க?" என்றான். நான் எந்தப் பல்லையும் கடிக்கவில்லை.

"அனிந்தியாடா, இவங்கதான் என் ஃப்ரெண்ட்ஸ்" என்று ஆங்கிலத்தில் அறிமுகம் செய்தாள். மறுபடி டா. எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. நேராகவே அவரிடம் கேட்டேன், எத்தனை நாளாக உங்களை டா என்று கூப்பிடுகிறாள் என்று.

ரிஃபாய் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான்.

அவர் யோசித்தார். "முதல் நாளிலிருந்தே. அதில் என்ன? எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். என் மனைவியின் தம்பி கூப்பிடுகிறான். பக்கத்து வீட்டுக்காரர், பால்காரர், ஏன், என் மேலாளர்கூட."

பால்காரர் டா போடுகிற ஆள் எப்படி சீனியர் ஆனார் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது ஜெசி மேசைமேல் தலையைக் கவிழ்த்துவிட்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரிப்பு.

"அது டா இல்லடா, தா. தாதாங்கறதோட தா. அண்ணன்னு அர்த்தம். அனிந்தியா அண்ணன்."

"தாதான்னா ரவுடி இல்லியா?" என்றான் ரிஃபாய்.

"இங்க அண்ணன்."

"அய்யய்ய. காலைல ஷூ கடைக்காரர வர்றவன் போறவன் எல்லாம் தாதா தாதான்னான். அதான் நான் வாயத் தொறக்காம காசக் குடுத்துட்டு வந்தேன்."

அனிந்தியாவுக்கு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளக்க வேண்டியிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்கள் டாவுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். ரொம்ப நெருக்கமானவர்களுக்கும் போடுவோம், சண்டை போடுகிறவர்களுக்கும் போடுவோம் என்றாள் ஜெசி. "இவர் எந்த வகை?" என்று என்னைக் காட்டினார்.

"கிழமையப் பொறுத்தது" என்றாள்.

என் பக்க நியாயத்தையும் எழுதிவிடுகிறேன். த-வுக்கும் ட-வுக்கும் நாக்கு தொடுகிற இடம்தான் வித்தியாசம். தெருவில் ட்ராம் போகிற சத்தத்தில் யாருக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும். நேற்று ட்ராம் போகவில்லை. போயிருந்தால் என்கிறேன்.

கிளம்பும்போது ஜெசி சொன்னாள், "ரொம்ப அழகா இருக்கு. ஆனா மேசைக்கு மேச ஆம்பளைங்க. தனியா வந்தா இங்க உக்காருவேனான்னு தெரியல." நானும் என் குறைகளைச் சொன்னேன். சமையலறைக் கதவு ஒவ்வொரு முறையும் அடித்துக்கொள்கிறது. நாற்காலி முதுகு நேராக இருக்கிறது. பொரித்த மீன் வாசம் சட்டையிலிருந்து போகாது.

அறைக்கு வந்ததும் ரிஃபாய் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டான். "மாப்ள, உனக்கு இந்த ஊரு பிடிக்கலயா, இல்ல அவ இந்த ஊர்ல இருக்கறது பிடிக்கலயா?"

விளக்கை அணைத்தேன்.


டிசம்பர் 13, சனி. மதியம்

சலவைக்குப் போட்டது இன்னும் வரவில்லை. கேட்டால் "ஹோபே ஹோபே" என்கிறார்கள். ஆகும் ஆகும் என்று அர்த்தமாம். எப்போது ஆகும் என்பதற்கு அந்த வார்த்தையில் இடமில்லை.

மதியம் பிரியாணி. உள்ளே ஒரு முழு உருளைக்கிழங்கு. ரிஃபாய் அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்தான். "இதெல்லாம் எங்க உம்மா பாத்தா" என்று ஆரம்பித்து நிறுத்தினான். அப்புறம் ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டான். அப்புறம் என் உருளைக்கிழங்கையும் கேட்டான்.

பக்கத்தில் ஒரு வீட்டில் மாடி அறை வாடகைக்கு என்று ஜெசி பார்த்துவிட்டு வந்தாள். ஜன்னல் தெருப்பக்கம், தூங்கவே முடியாது என்றேன். "நீயா தூங்கப்போற?" என்றாள். வாடகை, விமானச் செலவு, சம்பள வித்தியாசம் எல்லாவற்றையும் போட்டு ஓர் ஒப்பீடு என் போனில் தயார் செய்துவைத்திருக்கிறேன். சென்னைதான் மேல் என்று வருகிறது. அவளிடம் சரியான நேரம் பார்த்துக் காட்ட வேண்டும். இரண்டு நாளாகக் காட்ட முடியவில்லை. எங்கே போனாலும் சத்தம்.

சாயங்காலம் நேரடி இசைக்குழு இருக்கிற ஓர் இடம். கேள்விப்பட்டவரை நல்ல இடம். பார்ப்போம்.


டிசம்பர் 13, இரவு

தகுதியற்றது. தூங்கப்போகிறேன்.


டிசம்பர் 14, ஞாயிறு. காலை

நேற்று அவளிடம் ஒரு வார்த்தை சொன்னேன். "போதும்" என்றாள். அவ்வளவுதான்.

சட்டைகள் வந்துவிட்டன. ஒன்றில் பட்டன் இல்லை.


டிசம்பர் 14, மதியம்

ரிஃபாய் காலையிலிருந்து நச்சரித்து விஷயத்தைக் கறந்துவிட்டான். நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன், ஏனென்றால் நிலைமை மாறியிருக்கிறது.

நேற்றைய இடம் செங்கல் சுவரும் கயிற்றில் தொங்கும் விளக்குமாக நன்றாகத்தான் இருந்தது. நிறைய பெண்கள் தனியாகவும் கூட்டமாகவும் வந்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஜெசி மேசைக்கு அடியில் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். கையில் ஒரு தட்டு, அதில் மீன் கட்லெட். ரிஃபாய் கை கழுவப் போயிருந்தான். ஒப்பீட்டைக் காட்டலாம் என்று போனை எடுத்தேன். அவள் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தபோது, இவள் இந்த ஊருக்கு வந்துவிடுவாள் என்பது தெரிந்துவிட்டது. எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

போனைக் கீழே வைத்தேன். "போகாத" என்றேன்.

டிரம்ஸ் அடிக்கிறவன் அந்த நேரம் பித்தளைத் தட்டுகளைப் போட்டு விளாசிக்கொண்டிருந்தான். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தாள். "போதும்" என்றாள். மறுபடி மேடையைப் பார்த்தாள்.

இதைக் கேட்டதும் ரிஃபாய் எழுந்து உட்கார்ந்தான். "கைல தட்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"கட்லெட்டு மிச்சம் இருந்துச்சா?"

"பாதி."

"முட்டாள். நீ போகாதன்ன. அவளுக்கு 'போதாதா'ன்னு கேட்டிருக்கும். இன்னும் ஒண்ணு சொல்லணுமான்னு நீ கேக்கறதா நெனச்சு, போதும்னுட்டா."

எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். இது என் தொழில். உயிரெழுத்துக்குப் பலம் அதிகம், எந்தச் சத்தத்திலும் தாக்குப்பிடிக்கும். மெய்யெழுத்துதான் முதலில் செத்துப்போகும். போகாத என்பதில் நடுவில் இருக்கிற க-வைப் பித்தளைத் தட்டு விழுங்கிவிட்டால் மிச்சம் ஓவும் ஆவும்தான். காது தனக்குத் தோதான மெய்யைப் போட்டு நிரப்பிக்கொள்ளும். கையில் தட்டு இருந்தால் த தானாக வந்து உட்காரும். இதை அவனுக்கு ஒரு காகிதத்தில் வரைந்தே காட்டினேன்.

"மெய் போயி உயிர் மட்டும் மிச்சமா?" என்றான். "பேயா மாப்ள நீ?"

நாளை திங்கள். இன்று ஒரு சாயங்காலம் இருக்கிறது. சத்தம் இல்லாத இடம் கிடைத்தால் மறுபடி சொல்லிவிட வேண்டும். இதுவரை நான் தேடியதெல்லாம் அவளுக்காக. இன்று கொஞ்சம் எனக்கும்.

ஜெசியிடம் எங்கே போகலாம் என்று கேட்டதற்கு, "இன்னிக்கு நான் கூட்டிட்டுப் போறேன். நீ போன எடுக்கக் கூடாது" என்று பதில் வந்திருக்கிறது.


டிசம்பர் 15, திங்கள். விமான நிலையம்

விமானம் தாமதம். எழுத நேரம் இருக்கிறது.

நேற்று அவள் கூட்டிப்போனது தெற்குப் பக்கம் ஒரு சந்து. பலகை கிடையாது. பச்சை மரச் சட்டம் போட்ட ஜன்னல்களோடு ஒரு பழைய மாடி வீடு. மேலே ஏறினால் சிவப்புத் தரை போட்ட நீளமான தாழ்வாரம், வட்ட மேசைகள், மஞ்சள் விளக்கு. ஒருவர் மைக் இல்லாமல் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார், தனக்குத்தானே வாசிப்பது போல. ஒரு பெண் தனியாக உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் பாதி கிளாஸ் ஒயின். அடுத்த மேசையில் பருத்திச் சேலை கட்டிய இரண்டு அம்மாக்கள் ரம் குடித்துக்கொண்டு சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ரிஃபாய் அன்று செருப்போடு வந்திருந்தான், புது ஷூ கடித்துவிட்டது. அதையும் யாரும் பார்க்கவில்லை.

பரிமாறுகிறவர் ஜெசியைப் பார்த்து, "இந்த முறை தனியாக இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் மெனுவைப் பார்த்தாள்.

"போன மாசம் இன்டர்வியூவுக்கு வந்தப்பவே இங்க வந்தியா?"

"ம்."

"அப்ப இத்தன நாளா நாம எதத் தேடினோம்?"

"நீ என்ன தேடறன்னு பாக்கலாம்னு கூட்டிட்டு வந்தேன்" என்றாள்.

ரிஃபாய் சோடாவை எடுத்துக்கொண்டு எழுந்து, சீட்டாடுகிற அம்மாக்களின் மேசைப் பக்கம் போனான். கொஞ்ச நேரத்தில் அவனுக்கும் சீட்டுப் போட்டார்கள். அவனுக்கு வங்காளம் தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அங்கிருந்துதான் அதிகச் சத்தம் வந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "நேத்து நான் போதாதான்னு கேக்கல" என்று தொடங்கினேன். உயிர், மெய், பித்தளைத் தட்டு, எல்லாவற்றையும் விளக்கினேன். கைதுடைக்கும் காகிதத்தில் படமும் போட்டேன். அவள் குறுக்கே பேசவே இல்லை. முழுதும் சொல்லிமுடிக்க விட்டாள்.

"எனக்குக் காது நல்லா கேக்கும்டா" என்றாள். "போகாதன்னுதான் சொன்ன."

படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல படம்.

"அப்புறம் ஏன் போதும்ன?"

"வேற என்ன சொல்றது? திருச்சியில எங்கப்பா போகாதங்கறாரு. ஹாஸ்டல்ல வார்டன் எட்டு மணிக்கு மேல வெளிய போகாதங்கறாங்க. ஆபீஸ்ல சைட்டுக்குப் போகாத, பொண்ணுங்களுக்கு அது சரிவராதுங்கறாங்க. இத்தன வருஷமா ஒண்ணுமே சொல்லாத ஒருத்தன், வாயத் தொறந்து மொத வார்த்தையா அதையே சொன்னா? எத்தன பேர்டா போகாதன்னு சொல்லுவீங்க? அதுக்குத்தான் போதும்னேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.

கிட்டார்க்காரர் ஒரு பாட்டை முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

"வேற ஏதாச்சும் சொல்ல வந்தியா?" என்றாள். "இப்ப சத்தம் இல்ல."

உண்மையிலேயே இல்லை. சாக்குச் சொல்ல ஒரு மின்விசிறிகூட ஓடவில்லை. சம்பள ஒப்பீடு நினைவுக்கு வந்தது. "வாடகைய மட்டும் எடுத்துக்கிட்டா" என்று தொடங்கினேன். அவள் காத்திருந்தாள். நான் நிறுத்திவிட்டேன்.

எங்கள் வீட்டுக்கும் தறிக்கூடத்துக்கும் ஒரே சுவர். தறி ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்ல முடிந்ததை மட்டும்தான் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். சாப்பிட வா. நூல் அறுந்துபோச்சு. கரண்ட் போச்சு. கத்திச் சொல்ல முடியாத எதையும் எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை. எந்தக் குரலில் சொல்வது என்று எனக்குத் தெரியாது.

ஆனாலும் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. போகாத என்பதைவிடக் கொஞ்சம் நீளம். போ என்கிற வினை அதில் எங்கேயும் வரவில்லை. கிட்டார்க்காரர் அடுத்த பாட்டைத் தொடங்கியிருந்தார், ஆனால் நான் குரலை உயர்த்த வேண்டியிருக்கவில்லை.

நான் வரைந்த படத்தை எடுத்து மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். காது சிவந்திருந்தது. மஞ்சள் விளக்கில் அப்படித் தெரிந்ததாகவும் இருக்கலாம்.

"இதச் சொல்லவா ஊர் முழுக்க சத்தத்த அளந்த?"

"ஆமா."

"சரியான கேனைடா நீ."

கிழமை ஞாயிறு. அந்த டா எந்த வகை என்று எனக்குத் தெரியும்.

அப்புறம், "நான் வேலைல சேரப்போறேன்" என்றாள்.

"தெரியும்."

"சேர்றேன்னா உன்ன வேணாம்னு சொல்றேன்னு அர்த்தம் இல்ல. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்காத. நீ கொழப்பிப்ப."

"கொழப்பிக்க மாட்டேன்."

"கொழப்பிப்ப. உனக்குப் பொறுமையே கிடையாது. சலவைத் துணி வர ரெண்டு நாள் ஆச்சுன்னு மூஞ்சத் தூக்கிட்டுத் திரிஞ்சவன். நான் இங்க இருந்துட்டு, நீ அங்க இருந்துட்டு எத்தன நாளு தாக்குப்பிடிப்ப?"

சும்மா தைரியமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாததை நான் சொல்வதில்லை. "தெரியல" என்றேன்.

"அப்பாடா" என்றாள். "என்னென்னிக்கும்னு சொல்லுவியோன்னு பயந்தேன்." என் தட்டிலிருந்து கடைசி மீன் துண்டை எடுத்துக்கொண்டாள். என்னைக் கேட்கவில்லை.

ரிஃபாய் திரும்பி வந்து உட்கார்ந்தான். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "அந்த ரெண்டு அம்மாவும் பயங்கரமா ஏமாத்துறாங்க" என்றான். "நல்ல ஊரு."

இன்று காலை டாக்சியில் வரும்போது அவள் கம்பெனிக்குச் சம்மதக் கடிதம் தட்டிக்கொண்டிருந்தாள். அனுப்புவதற்கு முன் என்னிடம் போனை நீட்டி, சரியா பாரு என்றாள். சேருகிறேன் என்ற இடத்தில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. விட்டிருக்கலாம். திருத்திக் கொடுத்தேன்.

ரிஃபாய் புது ஷூவை ஹோட்டல் அறையிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டான். இப்போதுதான் சொல்கிறான்.


ஜனவரி 5, திங்கள். சென்னை

வெள்ளிக்கிழமை ஜெசி வேலையில் சேர்ந்துவிட்டாள். அதற்கு முன்பே அவளுடைய பெட்டிகளை ரயிலில் ஏற்றிவிட நானும் ரிஃபாயும் சென்ட்ரல் போயிருந்தோம். மிக்ஸியைத் துணிக்குள் சுற்றி எடுத்துப் போகாதே, ஜார் உடையும் என்று சொல்ல வாயெடுத்தேன். போகாதே என்று வந்ததால் நிறுத்திக்கொண்டேன். ஜார் உடைந்துவிட்டது.

நேற்று சாயங்காலம் அவள் தனியாக அந்த மாடி வீட்டுக்குப் போனாளாம். சீட்டாடும் அம்மாக்கள் ரிஃபாயைக் கேட்டார்களாம். என்னைப் பற்றிக் கேட்டார்களா என்றேன். "கேக்கல. நானா சொன்னேன்" என்றாள். என்ன சொன்னாய் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

அவள் போய் இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை. தாக்குப்பிடிக்கிறேனா என்று ரிஃபாய் கேட்டான். பிடிக்கிறேன் என்றேன். சொல்லும்போது காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேனாம்.

எங்கள் கம்பெனிக்குக் கோவையில் கிளை இருக்கிறது, புனேயில் இருக்கிறது. கொல்கத்தாவில் இல்லை. ஏன் இல்லை என்று இன்று முதலாளியின் அறைக்குப் போய்க் கேட்டேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அங்க நமக்கு என்னய்யா இருக்கு?"

"சத்தம் சார்."

"எவ்ளோ?"

போனில் அளந்ததை எல்லாம் கணக்கில் எடுக்க முடியாது, முறையாக ஒரு முறை நேரில் போய் அளந்தால்தான் தெரியும் என்று சொல்லியிருக்கிறேன்.